நொட்டாங்கை

முனீஸ்வரன் கோயில் தெருவில்
எனாமல் தூக்குகளுக்கும்
குழல் இல்லாத கிராமபோனுக்கும் நடுவே
சாத்தியிருந்தது.
பேஸ் கிட்டார். நாலு தந்தி.
கையில் எடுத்ததும் தெரிந்துவிட்டது:
திருப்பிப் பிடிக்க வேண்டியதில்லை.

"பினாங்குச் சரக்கு" என்றார் சிந்தாமதார்.
அவர் கடையில் பல்குத்தும் குச்சியும்
பினாங்கிலிருந்துதான் வந்திருக்கும்.
"பீச்சாங்…" என்று தொடங்கி, என் கையைப் பார்த்து,
"நொட்டாங்கைக்காரன் எவனோ வாசிச்சது.
மூணு வருசமா ஒருத்தரும் கேக்கல."

என் தோள்பையில் இருந்தது
இதே அச்சின் மறுபதிப்பு.
பதினெட்டுத் தவணை,
கடைசி இந்த ஆடியில்.
இரண்டையும் ஒரு தேக்குப் பெட்டிமேல் கிடத்தினோம்,
பெண் பார்க்க வந்த இடத்தில்
அக்காவையும் தங்கையையும்
சேர்த்து உட்காரவைத்துவிட்ட மாதிரி.

பழையது எடை குறைவு.
கழுத்து பெருத்து, சற்றே முறுக்கிக்கொண்டு,
ஏழாம் கட்டைக்கு மேல் எதை அமுக்கினாலும் இரைச்சல்.
பிக்அப் ஒன்று ஊமை.
இன்னொன்றை அவருடைய ரேடியோப் பெட்டியில் செருகினோம்.
மேல்மாடியில் யாரோ பீரோ நகர்த்துகிற சத்தம்.
வயிற்றில் கேட்டது.
என்னுடையது சொன்ன பேச்சு கேட்கும்.
ஏசி மண்டபத்திலும் சுருதி விலகாது.
அந்த ஒழுங்குதான்
கொஞ்ச நேரம் எனக்குப் பிடிக்காமல் போனது.

சிந்தாமதார் என்னுடையதைக் கவிழ்த்தார்.
போலியை மோந்தே பிடிப்பவர்,
புதுத் தேக்குக்கு டீத்தண்ணி அடிப்பவரும் அவரே.
முதுகில் ஒரு திட்டு வண்ணம் போயிருந்தது.
"பெல்ட் பக்கிள் உரசினது. நீங்க பெல்ட் போடுவீங்களா?"
நான் சுடிதார்.
தொழிற்சாலையிலேயே உரசி அனுப்பியது.
எவனோ ஒருவனின் இடுப்பை
என் கிட்டாரில் அச்சடித்திருக்கிறார்கள்,
அதற்குத் தனி விலை வேறு.
அவர் சிரிக்கவில்லை.
என்ன நம்பர் உப்புத்தாள் போட்டிருப்பார்கள் என்று
தொழில்முறையில் விசாரித்தார்.
கொஞ்சம் தள்ளி
என் துப்பட்டா ஊக்கு கிழித்த கோடு.
கட்டைவிரலால் தடவிப் பார்த்து
"இதுக்கு ஒண்ணும் தர மாட்டானுக" என்றார்.

பழையதற்கு அவர் கேட்ட பணத்தில்
எங்கள் ட்ரூப் ஒரு வேன் வாங்கலாம்.

தை மாதம் கானாடுகாத்தானில் ஒரு வரவேற்பு.
ஹோட்டலாகிவிட்ட வீடு.
பூப்போட்ட தரை கீறாமல்
ஆம்ப்புக்கு அடியில் ரப்பர் விரிக்கச் சொன்னார்கள்.
நிமிர்ந்தால் சுவரில் அது,
இரண்டு பெல்ஜியம் கண்ணாடிகளுக்கு நடுவே.
தப்பான பக்கம் பார்ப்பதாகப் பட்டிருக்கும்.
சுழற்றி, கழுத்தை வலப்பக்கம் வைத்து மாட்டியதில்
குமிழ்கள் எல்லாம் நெற்றிக்கு ஏறிவிட்டன.

சவுண்ட் செக்கில் ஒரு டி வாசித்தேன்.
சுவரில் ஏதோ முனகியது.
தந்தியை அமுக்கி நிறுத்தினேன்,
அது இன்னும் கொஞ்சம் முனகி அடங்கியது.
ஈ-க்கு அசையவில்லை. ஏ-க்கும் இல்லை.
அடித்தந்தி தானாகத் தளர்ந்து
டி-யில் போய் நின்றிருக்கிறது.
ஸ்னேர் அதிருது என்றான் கீபோர்டு ஜெரால்டு.
இருக்கலாம்.
டிரம்ஸ் இன்னும் வேனில்தான் இருந்தது.

முதல் மூன்று பாட்டையும்
டி சுருதிக்கு இறக்கச் சொன்னேன்.
எதற்கென்று சொல்லவில்லை.
கீழ் ஸ்தாயி எட்டாத கமலவேணி
என்னை முறைத்துக்கொண்டே
பாடி முடித்தாள்.