மூன்று பன்னிரண்டு

மௌல்மீன் ஆஸ்பத்திரியில் கரண்டுக்கு
வருகைப்பதிவு கிடையாது.
வந்தால் வந்தது.

ஒரு நாள் பூராவும் தாவ் ஓன் சீயின் நெஞ்சில்
ஒட்டிக் கிடந்த பெட்டியை யுஎஸ்பி கம்பியில் மாட்டினேன்.
துடிப்பெல்லாம் பொட்டலம் பொட்டலமாக
இறங்கத் தொடங்கியது.
பாதியில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழுவதற்குள்
கம்பி ஒருமுறை கண்ணை மூடித் திறந்தது.

திரையில் விடிகாலை மூன்று பன்னிரண்டு:
நான்கு நொடிக்கு
மேடுமில்லை பள்ளமுமில்லை.
டாக்டர் நீலமேகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு
யாங்கோனுக்குப் போன் போட்டார்,
பேஸ்மேக்கர் இருக்கிறதா என்று கேட்க.

நான் அந்த அம்மாவிடம் பர்மியில் கேட்டேன்:
மூணு மணிக்கு மேல் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
"மொஹிங்காவுக்கு மீன் வெந்த அண்டா.
அடுப்பிலிருந்து இறக்கினேன்.
தனியாகத்தான். ஏன்?"

நின்ற இதயம் அண்டா தூக்குமா?

நிரலைத் திறந்தேன்.
ஆறு வருஷத்துக்கு முன்னால்
நானே அவசரத்தில் எழுதியது.
ஒரு நொடி காத்திரு.
வராவிட்டால் சுழி போட்டு நிரப்பு, மேலே போ.
கோடு அறுந்து தெரிந்தால்
அசிங்கமாக இருக்குமே என்று.

அதைவிட மோசம் அதற்கு அடுத்த வரி.
கெடு தாண்டிவிட்டது என்று சொன்ன கம்பி
அறுபத்துநாலில் நாற்பத்தொன்று வந்தாயிற்று
என்றும் சொல்லியிருக்கிறது.
முதல் பாதியோடு காதைப் பொத்திக்கொண்டேன்.
பந்தி முடிந்ததென்று
சோறு போட்ட இலையையும் சுருட்டியிருக்கிறேன்.

நல்லவேளை,
'அழி' என்ற கட்டளை கடைசியில் இருந்தது.
பெட்டி இன்னும் மறக்கவில்லை.
மறுபடி கேட்டேன்,
வந்ததை எண்ணி வைத்துக்கொண்டு,
குறைந்ததை மட்டும்.

மூன்று பன்னிரண்டு எழுந்தது:
திடுதிடுவென்று ஏழு துடிப்பு,
அண்டாவின் கனத்தோடு.

ஐந்து நாற்பதில் ஒரே ஒரு பொட்டலம்
பத்துத் தடவை கேட்டும் வரவில்லை.
பெட்டியிலேயே இல்லை போல.
சுழி போடவில்லை.
இரண்டு முனையையும் இழுத்துக் கட்டவுமில்லை.
வெள்ளையாக விட்டு அடியில் எழுதினேன்:
இந்த இடம் எனக்குத் தெரியாது.

டாக்டர் யாங்கோனுக்கு மறுபடி போன் போட்டார்.
மணி போய்க்கொண்டே இருந்தது.
பசை ஒட்டிய இடத்தைச் சொறிந்துகொண்டு
தாவ் ஓன் சீ கேட்டார்:
"மீனுக்குச் சொல்லணும்.
நாளைக்குக் கடை உண்டா, இல்லையா?"