ஆடியில் பெயர் மாற்றியது

ஒரே இரவில் தடுப்புக் கட்டையைக் கழற்றி
ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனார்கள்.
லாரிகள் நிற்பதை விட்டுவிட்டன.
நான் மட்டும்
'செக்போஸ்ட் செராக்ஸ், க.க. சாவடி' என்ற தகரத்தின் கீழே
டோனர் கறை விரல்களோடு நின்றிருந்தேன்.

இல்லாத ஒன்றின் பெயரில்
எத்தனை நாள் கடை நடத்துவது?
மாற்ற நினைத்தது தப்பில்லை.
யாரையும் கேட்காமல் நினைத்தேன்.

கோயமுத்தூரிலிருந்து தர்னீஷ் வந்தான்.
மடிக்கணினியில் பதினோரு பெயர் காட்டினான்.
எதுவும் எதையும் குறிக்கவில்லை.
"அதாங்க்கா இப்ப டிரெண்டு."
நெக்ஸோரா, பிடித்திருந்தது.
எனக்குப் பிடித்திருந்தது.
ஆர்.சி. புக்கை நீட்டும் கைகளில்
ஒன்றையாவது பிடித்து நிறுத்தி
இதைக் கொஞ்சம் வாசிங்க என்று சொல்லியிருக்கலாம்.

ஆடித் தள்ளுபடி, ஃப்ளெக்ஸ் பாதி விலை.
ஆடியில் எதையும் தொடங்காதே என்றவர்களை
சாஸ்திரம் பேசுகிறார்கள் என்று தள்ளினேன்.
வாளையார் கணவாய்க் காற்று
வரி கட்டாமல் நுழையும் மாதம் அது.
அதைத்தான் சொன்னார்களோ என்னவோ.
மூன்றாம் நாள் 'நெக்' கிழிந்து
தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது.
மிச்சமிருந்த 'ஸோரா'வின் கீழே
நாமக்கல் வண்டிக்காரர் ஒருவர் ஓரங்கட்டி
கை கழுவ இடம் தேடியபடி கேட்டார்:
"சோறு இருக்குதா, ஆயிப்போச்சா?"

புது நம்பர் வேறு, கடைசியில் நாலு ஏழு.
பழையது எந்தெந்த கேபின் கதவின் உள்பக்கம்
சாக்பீஸில் எழுதிக் கிடக்கிறது என்று யோசிக்காமல்
சிம்மை ஒடித்துப் போட்டேன்.
ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் பழசு, நல்ல மை என்று வைத்திருந்தேன்.
பில்லில் ஒரு பெயர், முத்திரையில் ஒரு பெயர்,
பாங்கு பாஸ்புக்கில் என் கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.
கஞ்சிக்கோடு கம்பெனிக் கணக்காளர்
மூன்றையும் மேசையில் பரப்பி
"இதில் யாருக்குச் செக் எழுதட்டும்?" என்றார்.
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஒரு கட்டுத் தாள் ஆவணி முழுக்க வந்தது.

புரட்டாசி முதல் வாரம்
உடுமலை தேங்காய் வண்டி சேகரமூர்த்தி உள்ளே எட்டிப் பார்த்து,
"அக்கா, இங்கயேதான் இருக்கீங்களா?
போர்டு அந்தப்பக்கம் கேரளாவுல நிக்குது.
காப்பி எடுக்கணும்னு போனா
சாயா குடுத்து அனுப்பறாங்க."

நடந்து போனேன்.
எழுபத்திரண்டு ரூபாய்க்கு எடைக்குப் போட்ட என் தகரம்
மொய்துவின் சாயக்கடைக்கு
மழைப்பக்கச் சுவராகியிருந்தது.
தலைகீழாக.

"தினம் அஞ்சாறு பேர் ஆதார் காப்பி கேட்டு வருன்னு, சேச்சி.
வந்தவரை வெறுதே விடுமோ?"

தலைகீழாக இருந்தும் கண்டுபிடிக்கிறார்கள்.
அப்படியானால் அவர்கள் வாசித்ததே இல்லை.
மஞ்சளில் சிவப்பு, வளைவு தாண்டியதும் இடப்பக்கம்:
அதற்குத்தான் பத்தொன்பது வருடம்
பிரேக் போட்டிருக்கிறார்கள்.
நான் அதை என் பெயரென்று நினைத்திருந்தேன்.

திருப்பிக் கேட்டேன்.
துலாமழை முடியட்டும் என்றார் மொய்து.
நியாயம்தான், பாய்லர் நனையும்.
கால் லிட்டர் சிவப்பு வாங்கி வந்து
தலைகீழ் எழுத்துகளுக்கு அடியில்
கிழக்கே பார்த்து ஒரு அம்புக்குறி போட்டேன்.
இரண்டு சாயாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.
அவருக்கும் அதில் லாபமுண்டு.

நெக்ஸோராவை மடித்து பரணில் போட்டாயிற்று,
மழைக்கு ஸ்கூட்டருக்கு ஆகும்.
கடையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்,
வருகிறவர்கள் என்னை என்னவென்று சொல்கிறார்கள் என்று எழுத.
இதுவரை: 'சாவடி அக்கா கடை' எட்டு,
'ஃபாரம் எழுதற அம்மா' ஐந்து,
'கோந்து ஓசியில் தரும் கடை' ஒன்று.

பெயர் இன்னும் எழுதவில்லை.
சுவர் முழுக்க மஞ்சள் மட்டும் அடித்துக் காயவிட்டிருந்தேன்.
ஏணியை எடுத்து வைக்கும் முன்
பின்னால் ஒரு ஏர் பிரேக்
நீளமாகப் பெருமூச்சு விட்டது.