மூன்றாம் கேட் நோட்டு

நிகழ்ச்சி நிரலில் பதினோராவது நான்.
நிலைத்தன்மை, நான்கு நிமிடம்.
அதற்கடுத்துச் சாப்பாடு.

எட்டாவது மாடிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பள்ளிக்கரணையில் மிச்சமிருக்கும் சதுப்பு.
இந்தப் பக்கம்
ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், மூடி திறக்காமல்.

இலை வரைந்த ஸ்லைடுகளை
மூன்று வருடமாகக் காட்டியாயிற்று.
கை தட்டினார்கள்.
மரக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.
என்ன கன்று என்று ஒருவரும் கேட்டதில்லை.

இந்த முறை
செக்யூரிட்டி தங்கப்பழத்திடம் இரவல் வாங்கிய
கோடு போட்ட நோட்டை
மேசைமேல் வைத்தேன்.
டேங்கர் லாரி எண், வந்த நேரம், கையெழுத்து,
ஓரத்தில் டீக்கறை.

செலவைக் கூட்டிப் பார்க்கத்தான் புரட்டினார்
நிதிப்பிரிவு ரங்கமன்னார்.
டிசம்பர் ஆறில் விரல் நின்றது.

பேஸ்மென்ட்டிலிருந்து அவர் காரை
கிரேன் தூக்கிய நாள் அது.
சாலையில் முழங்கால் வெள்ளம்.
அதில் நீந்தி வந்திருக்கிறது
முப்பத்தேழு லாரித் தண்ணீர்.

ஏசி இரையும் சத்தம் கேட்டது.
பிறகு யாரோ இருமினார்கள்.
"பி பிளாக்குக்கு மட்டும்" என்றார்,
"கழிவுநீரைச் சுத்திகரித்துப் பாருங்கள். ஆறு மாதம்."
சாம்பார் வாசனை வந்துவிட்டிருந்தது.

இதை வெற்றி என்று வீட்டில்கூடச் சொல்லவில்லை.
குழாய் பதிக்கவே ஒன்பது மாதம்.
நாற்றம் என்று நாற்பது மின்னஞ்சல்,
அதில் ஒன்று
என் பழைய மேலாளருடையது.

நேற்றுக் காலை
கேட்டில் வண்டியை மறித்தார் தங்கப்பழம்,
கையில் திறந்த பேனா.
"மேடம், ரெண்டு லாரி வரல.
நோட்டுல என்னன்னு எழுத?"