நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

அம்பத்தூர் எஸ்டேட்டில்
அளப்பது என் வேலை.
வால்வு மூடியின் விட்டம்
மயிரிழை பிசகினாலும்
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிக்
கூடையில் போடுவேன்.

என் நாவலுக்கு
அந்தச் சிவப்பு ஸ்டிக்கரைக்கூட
யாரும் ஒட்டித் தரவில்லை.
நான்கு பதிப்பகம், பதினான்கு மாதம்.
ஒருவர் "பார்க்கிறோம் சார்" என்றார்.
எதை என்று சொல்லவில்லை.
இன்னொருவர் டீ வரவழைத்து
நாற்பத்தைந்தாயிரம் கேட்டார்.
நூறு பிரதி நானே எடுத்துக்கொள்ள வேண்டுமாம்.
மீதி எத்தனை அடிப்பார்
என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
டீ நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் ராயப்பேட்டை.
லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் மூன்றாவது மாடி.
முப்பது பிரதி போதும் என்றார்கள்,
வேண்டுமென்றால் மறுபடி முப்பது,
வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று.
ஒன்று என்ற சொல்லில்
எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது.

குமுதவல்லி என்கிற பெண்
என் பழைய எழுத்துருவை யூனிகோடுக்கு மாற்றினாள்.
மாற்றியதில் கொம்பெல்லாம் கழன்று விழுந்து
பொய் பாய் ஆனது.
கொலை காலை ஆனது.
ஏழாம் அத்தியாயத்தில் என் ஆள்
நடுநிசியில் கத்தியோடு போய்
காலை செய்துவிட்டு வந்தான்.
இருவரும் சிரித்தோம்.
பிறகு இரண்டு வாரம்
ஷிஃப்ட் முடிந்த கண்ணோடு
ஒவ்வொரு கொம்பாக எடுத்து நட்டேன்.

விண்ணப்பத்தில் ஆசிரியர் என்ற கட்டத்தில் என் பெயர்.
பதிப்பாளர் என்ற கட்டத்திலும் என் பெயர்.
ஒப்பந்தம் என்று ஒன்று இருந்திருந்தால்
மேசையின் இரு பக்கமும் நானே உட்கார்ந்து
முன்பணம் கேட்டு
முகம் சுளித்திருப்பேன்.

நந்தனத்துக் கண்காட்சியில்
நண்பன் கடையின் கீழ்த்தட்டில்
எனக்குக் கிடைத்தது முப்பத்தோரு சென்டிமீட்டர்.
அளந்தேன், பழக்கம்.
குனிந்தவர்களில் பாதிப்பேர்
செருப்பு வார் சரிசெய்யக் குனிந்தவர்கள்.
போனது ஆறு.

ஏழாவது பிரதி கூரியரில் பல்லாவரம் போனது.
நான்காம் நாள், லேத் சத்தத்துக்கு நடுவே
அறிமுகமில்லாத குரல்:
"நூத்திப் பன்னிரண்டுல கடைசி வரி
பாதியிலயே நிக்குது சார்.
பக்கத்தைத் திருப்பினா வேற அத்தியாயம்."

முப்பதும் அப்படித்தான் இருக்கும்.
கையிலிருந்த கருவியைக் கீழே வைத்தேன்.
பதினெட்டு வருடமாக
அடுத்தவர் பிசகைக் கூடையில் போட்டவன்.

"மன்னிச்சிடுங்க, புதுசு அனுப்பறேன்."
"வேணாம். நானே பேனாவால முடிச்சுட்டேன்.
தப்பா நினைக்காதீங்க."
படம் அனுப்பினாள், நஸீமா.
நீல மை, சாய்ந்த கையெழுத்து.

அச்சில் நின்றிருந்தது:
அவள் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது
என் கோப்பில் தொடர்ந்தது:
அவன் விம்மி விம்மி அழுதான்.
அவள் எழுதியிருந்தது:
அதில் இன்னும் அவள் கட்டிய கயிறு இருந்தது.

அன்றிரவு சோறு ஆறியது.
விம்மி விம்மியை அழித்தேன்.
கயிற்றைக் கட்டினேன்.
பதிவேற்று என்ற பொத்தானை அழுத்தியதும்
பச்சை நிறத்தில் ஒரு சரி வந்தது.

உங்கள் பெயரைப் போடட்டுமா என்று கேட்டேன்.
"பேரு எதுக்கு?
கூரியருக்கு எழுபது ரூபா ரொம்ப அதிகம்,
அதைக் குறைங்க."

இப்போது
இருபத்தொன்பது பிரதிகளில் அந்தச் சாவி
கொடுக்கப்பட்ட கையோடு நிற்கிறது.
பல்லாவரத்தில் ஒன்றில் மட்டும்
நீல மையில் கயிறு.
முப்பத்தொன்றாவதில் அச்சிலேயே இருக்கும்.

அதை இன்னும் யாரும் கேட்கவில்லை.