உத்தரவாதம்

நவம்பர், ஞாயிறு இரவு. விடிந்தால்
சிங்கி இறால் பருவம் திறக்கும்.
செயின்ட் மேரி விரிகுடாவைப் பார்த்த
கொமோ வீட்டுப் பின்மேடையில் குளிரோடு குளிராகப்
பதினோரு பேர், இரண்டு பெட்டி பியர், ஒரு வயலின்.
இரண்டாம் பாட்டின் நடுவில்
மேடை ஒரு சொல்லும் சொல்லாமல் இறங்கியது.

மூன்றடிதான்.
ஒனெசிமுக்குக் கணுக்கால்.
வயலினுக்குக் கழுத்து.
படகு மறுநாள் ஓர் ஆள் குறைவாகப் போனது.

ஒன்பதாம் நாள் நான் போய்ச் சேர்ந்தேன்,
பலகை செய்த கம்பெனியின் ஆளாக,
ஈரம் அளக்கும் கருவியோடும் நான்கு பக்கப் படிவத்தோடும்.

பலகைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
மரத்தூளையும் பால் கேன் பிளாஸ்டிக்கையும்
உருக்கி இழுத்தவை; நிறத்தின் பெயர் கடல்மூட்டம்.
பத்தொன்பது குளிர்காலம்
உப்பும் பனி தள்ளும் மண்வெட்டியும் பட்டும்
ஒரு சிராய் எழவில்லை.
ஒன்றைத் திருப்பினேன். அடியில் எங்கள் முத்திரை,
இருபத்தைந்து ஆண்டு, நேற்று அடித்ததுபோல்.

தாங்கியிருந்த ஸ்ப்ரூஸ் உத்தரங்களைத் தொட்டேன்.
கட்டம் கட்டமாக வெடித்திருந்தவை
ஈரக் கருப்பட்டியாய் விரலில் உதிர்ந்தன.
இரண்டுக்கும் நடுவில் தேங்கிய மழை
போக வழியில்லாமல் மரத்துக்குள் குடியேறியிருக்கிறது.
கருவி முப்பத்தெட்டு என்றது.

மேலேயும் மரமாக இருந்தால் முன்பே உளுத்திருக்கும்,
முனகியிருக்கும், யாராவது திட்டிக்கொண்டே
ஒரு பலகையைப் பெயர்த்துக் கீழே எட்டிப் பார்த்திருப்பார்கள்.
இதைப் பெயர்க்க
யாருக்கும் ஒரு காரணம் வாய்க்கவில்லை.

பொருளில் குறையில்லை என்று எழுதினேன்.
உண்மைதான். உத்தரவாதம் பலகைக்கு,
உத்தரத்துக்கு அல்ல.

செலெஸ்தின் கொமோ வாதாடவில்லை.
படகுத்துறைப் பக்கம் கையைக் காட்டினாள்:
அலைக்குள் ஹெம்லாக் தூண்கள், எழுபது வருஷம்.
மரத்தைப் புகழ வாயெடுத்தேன்.
"நாற்பது நட்டார்கள்," என்றாள்.
"வைரம் பாய்ந்த ஒன்பது நிற்கிறது.
நிற்பதைத்தானே எல்லாரும் பார்க்கிறீர்கள்."

பிறகு கேட்டாள்:
"இதே பலகைகளைப் புது உத்தரத்தின்மேல்
மறுபடி அடிக்கப் போகிறேன்.
மிச்சமுள்ள ஆறு வருஷம் செல்லுமா?"

நான்கு பக்கமும் புரட்டினேன்.
அதற்கு ஒரு கட்டம் இல்லை.

முற்றத்தில் ஒனெசிம், கக்கத்தில் ஊன்றுகோல்,
அடுக்கிய பலகைகளை எண்ணி முடித்திருந்தான்.
"அறுபத்து மூன்று. ஒன்று குறைகிறதே."

மாதிரிக்கென்று என் வண்டியில் ஏற்றியிருந்தேன்.
இறக்கினேன். மரத்தைவிடக் கனம்.
ஆளுக்கொரு முனை பிடித்து
அடுக்கை நோக்கி நடந்தோம், அவன் நொண்டிக்கொண்டு.
பலகை நடுவில் தொய்ந்து
ஈரப் புல்லைத் தொட்டுக்கொண்டே வந்தது.