தாளுக்கு வெளியே

வண்ணார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை மாடி.
நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்,
எல்லாம் வாய்க்கால் வரைபடம்.
மேலே மிதக்கிற குறிப்புகளைத் தாளோடு சேர்க்கணும்,
பிறகு மொத்தத்தையும் படமாக மாற்றணும்.
கோப்புக்கு எழுபது காசு.

சேர்த்துவிட்டால்
மஞ்சள் சீட்டு நகராது,
சொடுக்கினால் விரியாது.
எழுதினது யார், எந்தத் தேதி
எல்லாம் உதிர்ந்துபோகும்.
எழுத்து மட்டும்
வேட்டியில் பட்ட வாழைக்கறை மாதிரி நிற்கும்.

பெரும்பாலும் 'சரி', 'பார்த்தேன்', 'சரி'.
நடுநடுவே ஆவுடைநாயகம் என்று ஒரு சர்வேயர்.
'இந்த மடை படத்தில் இல்லை. தரையில் இருக்கிறது.'
'அளக்கப் போனேன். நாய் துரத்தியது.'
'மறுபடி போனேன். அதே நாய்.'

ஏழு மணிக்கு ஓடவிட்டுவிட்டு
மத்தியானம் மிஞ்சின சொதியைத் திறந்தேன்.
மூவாயிரத்துப் பதினேழில் நின்றுவிட்டது.
குறிப்பு, தாளின் விளிம்பைத் தாண்டி
வெறும் சாம்பல் நிறத்தில் கிடந்தது.
மனுஷன் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்று
எழுதியிருக்கிறார்:
'தண்ணி களவு போறது இங்கன இருந்துதான்.
யாருன்னு இதில எழுத மாட்டேன்.
வந்து கேளுங்க, சொல்லுதேன்.'

வெட்டவா, விடவா
என்று கேட்டது நிரல்.
ஜெபமணி அண்ணனுக்குப் போன் போட்டேன்.
"ஏட்டி, ஏ-நாலுக்கு வெளிய கிடக்கது
கணக்குல வராது. வெட்டு.
விடிஞ்சா டெலிவரி."

முன்னீர்பள்ளத்துக்குக் கடைசி பஸ் ஒன்பதரைக்கு.
வெட்டப் போன கை
இடது ஓரத்தைப் பிடித்து இழுத்தது.
அந்த ஒரு தாள் மட்டும் நாலு விரற்கடை அகலம்.
குறிப்பு உள்ளே வந்து உட்கார்ந்தது.

சேர்த்தபிறகுதான் உறைத்தது:
வந்து கேளுங்க என்கிறார்.
யாரிடம்?
பெயரைத்தான் நானே உதிர்த்துவிட்டேனே.

பழைய கோப்பைத் திரும்ப எடுத்து,
அவர் எழுத்துக்குக் கீழே புதுச் சீட்டு ஒட்டி
'மு. ஆவுடைநாயகம், சர்வேயர்' என்று அடித்து
அதையும் சேர்த்தேன்.
அடித்தது நான் என்பது
அந்த நொடியே உதிர்ந்தது.

இனி அது படம்.
தண்ணி என்று தேடினால் அகப்படாது.
நாலாயிரத்தையும் ஒவ்வொன்றாய்த் திறந்து
கண்ணால் பார்க்கிற ஆள் யாராவது
இருந்தால் உண்டு.

பஸ் போய்விட்டது. ஆட்டோவுக்கு நூற்றெண்பது.

திங்கட்கிழமை பில் வந்தது:
ஒரு தாள் அளவு மீறியதால்
எழுபது காசு பிடித்தம்.
யாரோ ஒருத்தர்
அளந்திருக்கிறார்.