ஐந்தாவது உரிமையாளர்

ஆரல்வாய்மொழி சார்ஜ் நிலையத்தில்
எனக்கு இரவு வேலை.
ஆடி மாதம். கொடுத்த கடனைக்
கேட்க வந்தவனைப்போல
தகரக் கூரையைப் பிடித்து உலுக்கும் காற்று.
மேலே இறக்கைகள் சுற்றச் சுற்ற
கீழே யூனிட் விலை இறங்கும்.
இரண்டு மணிக்கு அடிமட்டம்.
அப்போதுதான் வருவாள் தாணுலெட்சுமி,
தோவாளையில் மொத்தப் பூ வியாபாரம்.

வண்டிக்குப் பதினேழு வயது.
முதலில் பெங்களூரில் ஒருத்தன்,
பிறகு கொச்சியில் எலும்பு டாக்டர்,
பிறகு கல்யாண வாடகை,
பிறகு களியக்காவிளைச் சிட்பண்டு முதலாளி.
அவர் ஓடிப்போனதும் ஏலம்.
ஒரு குட்டியானை விலைக்கு
இவளுக்கு அமைந்தது.

ஆள் நெருங்கினால்
கதவின் கைப்பிடி தானாக நீண்டு வருமாம்
அந்தக் காலத்தில்.
இப்போது வாழைநார்.
இரண்டு சுற்று, மாலைக்குப் போடுகிற அதே முடிச்சு.

கம்பெனி மூடி ஏழு வருடம்.
பெயர் மாற்ற வழியில்லை.
ஏறி உட்கார்ந்ததும்
பட்டுப்போன்ற ஒரு குரல் கேட்கும்:
"நல்வரவு, அர்ணவ். இன்று எங்கே போகலாம்?"
"சந்தைக்குத்தான், வேற எங்க"
என்பாள் இவளும், தினமும்,
கோபமில்லாமல்.

பின்சீட்டுத் தோலில் ஆயிரம் துளைகள்.
பணக்கார முதுகு வியர்க்காதிருக்கக்
குளிர்காற்று ஊதும்.
அதன்மேல் ஈரச்சாக்கு விரித்துப்
பிச்சிப்பூ மூட்டைகள்.
திருவனந்தபுரம் சாலைக்கடை போய்ச் சேரும்வரை
ஒரு மொட்டும் வாய்திறக்காது.
முதுகு பிடித்துவிடும் வசதியும் இருந்தது.
முதல் நாளே நாலு கிலோ பூவைப்
பிசைந்து கூழாக்கியது.
அன்றைக்கே அந்த ஃபியூஸைப் பிடுங்கி
ஆஷ்ட்ரேயில் போட்டாள்.

எஞ்சின் இருக்கவேண்டிய முன்பெட்டியில்
அரளியும் துளசியும்.

சத்தமே இல்லாத வண்டிக்குச்
சந்தை நாய்கள் எழுந்து வழிவிடுவதில்லை.
திரையில் தேடி
'பந்தயம்' என்பதைத் தொடுவாள்.
ஸ்பீக்கரில் இல்லாத பன்னிரண்டு சிலிண்டர் உறுமும்.
நாய்கள் எழும்.
சுமைக்காரர்களும் எழுந்து
ஆளுக்கொரு வார்த்தை சொல்வார்கள்.
அதை இங்கே எழுத முடியாது.

நேற்று பக்கத்துக் கம்பத்தில்
ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார்,
தரையோடு தரையாக,
மதுரையிலிருந்து.
குமரியில் சூரிய உதயம் பார்க்கப் போகிற பையன்.
இவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான்.
"அக்கா, இது அந்த மாடல்தானே?
மூணு செகண்டுல நூறு போகுமே?"

"போகும். பூவுக்கு அது ஆகாது."

"ஒருதடவகூட அழுத்திப் பாக்கலியா?"

கேபிளைக் கையில் பிடித்தபடி
கொஞ்சம் யோசித்தாள்.
"போன ஓணத்துக்கு. நல்ல வெல.
திரும்பி வாறேன், காலி வண்டி.
வில்லுக்குறி தாண்டி நாலுவழிச் சாலை,
ஈ காக்கா இல்ல.
அடிவரைக்கும் அழுத்திட்டேன்.
தரையில கெடந்த உதிரிப்பூ எல்லாம்
ஒண்ணா எழும்பிப் போயிப்
பின் கண்ணாடியில ஒட்டிகிட்டு.
நானும் சீட்டோட ஒட்டிட்டேன்.
இத எதுக்குச் செஞ்சானுவன்னு
அப்பதான் வெளங்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிரேக்குப் பிடிச்சேன்.
பூவெல்லாம் முன்னால வந்து
மேல விழுந்துது."

அறுபத்தொன்றில் நின்றுவிட்டது பேட்டரி.
அதற்குமேல் ஏறாது, வயசாகிவிட்டது.
போய்வர அது போதும்.
நாரை அவிழ்த்தாள், ஏறினாள்.
அர்ணவை வரவேற்றது வண்டி.

பையன் தன் காரில் போய் உட்கார்ந்தான்.
அதுவும் அவன் பெயரைச் சொல்லி வரவேற்றது,
அவன் பெயர் கவின் என்று எனக்கும் தெரிந்தது.
இன்னும் அரைமணி நேரம் இருந்தது அவனுக்கு.
காற்று சன்னலை இழுத்தது.
நான் சும்மா நின்று
அதன் முன்பெட்டியைக் கண்ணால் அளந்தேன்.
குளச்சலில் எவனுக்காவது
ஒரு பெட்டி நெய்மீன் வைக்கலாம்.
ஐஸோடு வைத்தால்
கொஞ்சம் இடிக்கும்.